பழைய காருக்கு டிரைவ் ஷாஃப்ட் வாங்குவதற்கு முன்

மாருதி 800, ஜென், ஆல்ட்டோ, பழைய சான்ட்ரோ, முதலில் வந்த ஸ்விஃப்ட் எல்லாமே முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள். பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய பிறகு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது முன்சக்கரத்தில் "டக் டக் டக்" என்று சத்தம் வர ஆரம்பிக்கும். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஆக்ஸில் போயிடுச்சு சார், முழு செட்டா மாத்திடலாம்" என்பார். அவர் ஆக்ஸில் என்பது டிரைவ் ஷாஃப்டைத்தான், கியர் பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டு. முழு செட் என்றால் அதன் இரண்டு முனை ஜாயின்டுகளும் சேர்த்து. அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். எது போயிருக்கிறது, எதுவரை மாற்ற வேண்டும், எந்தத் தயாரிப்பை வாங்குவது என்று மூன்று முடிவுகள் அதில் இருக்கின்றன. மூன்றையும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் வண்டியோடு வந்த பழைய ஷாஃப்ட், கடையில் மலிவாகக் கிடைக்கும் புது செட்டைவிட நல்ல இரும்பு. அதைக் காப்பாற்ற வழி இருக்கும்வரை காப்பாற்றுங்கள். முழு செட் மாற்றுவது கடைசி வழி.

உள்ளே என்ன இருக்கிறது

கியர் பாக்ஸிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஷாஃப்ட் கிளம்பி முன்சக்கரங்களுக்குப் போகிறது. சக்கரப் பக்கம் இருப்பது அவுட்டர் ஜாயின்ட். அதற்குள் ஆறு எஃகுக் குண்டுகள், அவற்றைப் பிடித்து வைக்க ஒரு கேஜ், குண்டுகள் உருள வளைந்த தடங்கள். ஸ்டீயரிங்கோடு சேர்ந்து 45 டிகிரி அளவுக்கு மடங்கும், ஆனால் நீளம் மாறாது. கியர் பாக்ஸ் பக்கம் இருப்பது இன்னர் ஜாயின்ட். பெரும்பாலான சின்னக் கார்களில் இது மூன்று உருளைகள் கொண்ட டிரைபாட் வகை. அவுட்டர் அளவுக்கு மடங்காது, ஆனால் உள்ளும் வெளியும் நகர்ந்து கொடுக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைவதை இதுதான் சமாளிக்கிறது.

குண்டு வகை ஜாயின்டை 1920களில் உருவாக்கியவர் ஃபோர்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆல்ஃபிரட் ரெசெப்பா. 1959இல் வந்த பிரிட்டிஷ் மினிதான் அதைச் சின்னக் குடும்பக் கார்களுக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தது. நம் ஊர் 800 வரைக்கும் அதே ஏற்பாடுதான். ஓம்னி, அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அவை பின்சக்கரம் தள்ளும் வண்டிகள்.

இரண்டு ஜாயின்டையும் மூடி ஆளுக்கொரு ரப்பர் பூட் இருக்கும், துருத்தி போல மடிப்பு மடிப்பாக. உள்ளே கிரீஸ். ஜாயின்டின் ஆயுள் முழுக்க இந்த ரப்பரின் கையில்தான். பூட் கிழியாமல் இருந்தால் நல்ல ஜாயின்ட் வண்டியின் காலம் முழுக்க வரும். கிழிந்தால், சுற்றும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்துவிடும், அந்த வழியாக மண்ணும் மழைத்தண்ணீரும் உள்ளே போகும். பிறகு குண்டும் தடமும் ஒன்றையொன்று அரைத்துக்கொள்ள ஆரம்பிக்கும்.

எது போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது

கிழிந்த பூட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்துவிட்டு, டயருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ரிம்மின் உள்பக்கம், சக்கரத்தைக் கீழே தாங்கிப் பிடிக்கும் லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பரின் அடிப்பகுதி, இங்கெல்லாம் கறுப்பாக வட்ட வாக்கில் கிரீஸ் தெறித்திருந்தால் அவுட்டர் பூட் கிழிந்துவிட்டது. மடிப்புகளை விரலால் விரித்துப் பார்க்க வேண்டும். வெளியே நன்றாகத் தெரியும் ரப்பர், மடிப்பின் அடிப்பள்ளத்தில் வெடித்திருக்கும்.

அவுட்டர் தேய்ந்திருந்தால் சத்தம் திருப்பத்தில் வரும், அதுவும் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடி திரும்பும்போது. காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் இரண்டு பக்கமும் வட்டம் போட்டுப் பாருங்கள். வலது திருப்பத்தில் சத்தம் கூடினால் பெரும்பாலும் இடது ஜாயின்ட், இடது திருப்பத்தில் கூடினால் வலது ஜாயின்ட். இது நூற்றுக்கு நூறு சட்டமில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்துச் சுவரிலிருந்து சத்தம் எதிரொலிக்கும்படி ஓட்டினால் பக்கம் தெளிவாகத் தெரியும்.

இன்னரின் குணம் வேறு. நேராகப் போகும்போது, 50, 60 வேகத்திலிருந்து அழுத்திப் பிடித்தால் வண்டியின் முன்பக்கம் பக்கவாட்டில் ஆடும், காலை எடுத்ததும் நின்றுவிடும். மேட்டில் ஏறும்போதும் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கும்போதும் கூடும். ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி அழுத்தும்போது ஒற்றையாக ஒரு "டொக்" கேட்பதும் இன்னரின் தேய்மானமாக இருக்கலாம்.

இங்கேதான் நிறையப் பேர் வீணாகச் செலவு செய்கிறார்கள். அந்த "டொக்" என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் கிழிந்திருந்தாலும் வரும். போனட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிரேக்கை மிதித்தபடி ஒருவர் கிளட்சை லேசாக விட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். என்ஜின் ஒரு விரல் அகலத்துக்கு மேல் எழும்பி விழுந்தால் முதலில் மவுன்ட்டைப் பாருங்கள். வேகத்தில் வரும் அதிர்வு, கியரை நியூட்ரலில் போட்டுச் சும்மா உருளும்போதும் தொடர்ந்தால், அது பெரும்பாலும் டயர், ரிம், வீல் பேலன்ஸிங் சமாசாரம். சீராக "உம்ம்ம்" என்று இரைந்து, லேசாக இடம் வலம் வளைக்கும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். மோசமான ரோட்டில் நேராகப் போகும்போது மட்டும் தட்டினால் சஸ்பென்ஷன் பாகங்களான பால் ஜாயின்ட், லிங்க் ராட், புஷ். இவற்றில் எதற்கும் ஆக்ஸில் மாற்றி எந்தப் பயனும் இல்லை.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு கையாலும் சோதிக்கலாம். சக்கரம் மாட்டும் ஹப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஷாஃப்டை மறுகையால் முன்னும் பின்னும் திருகுங்கள். அவுட்டர் ஜாயின்டில் தளர்வு கைக்குத் தெரியவே கூடாது. இன்னர் உள்ளும் வெளியும் நகர்வது அதன் வேலை, அதைத் தேய்மானம் என்று நினைக்க வேண்டாம். திருகும்போது தளர்வு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கிரீஸைத் தடவிப் பார்த்து முடிவெடுங்கள்

பூட் கிழிந்திருக்கிறது, சத்தம் இன்னும் வரவில்லை. இந்த நிலையில் முழு ஷாஃப்டை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பூட்டைக் கழற்றி, உள்ளே மிச்சமிருக்கும் கிரீஸில் கொஞ்சம் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. நறநறவென்றால் மண் போய்விட்டது. வெயிலில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது வெள்ளிப்பொடி போல மினுமினுத்தால் ஜாயின்டின் எஃகே உதிர ஆரம்பித்துவிட்டது. கிரீஸ் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருப்பதை வைத்துப் பயப்பட வேண்டாம், மாலிப்டினம் சேர்த்த கிரீஸின் இயல்பான நிறமே அதுதான்.

பிறகு ஜாயின்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். கேஜைச் சாய்த்துக் குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தால் தடம் தெரியும். குண்டு ஓடிய இடத்தில் பளபளப்பான கோடு இருப்பது சகஜம். நகத்தை அதன் மேல் ஓட்டும்போது பள்ளத்தில் இடறினாலோ, அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் இருந்தாலோ ஜாயின்ட் முடிந்தது. கேஜின் ஜன்னல்களில் குண்டு ஆடினாலும் அப்படியே. டிரைபாடாக இருந்தால் வெளிக் கிண்ணத்தின் மூன்று தடங்களிலும் உருளை தட்டித் தட்டிக் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். குண்டுகளையும் கேஜையும் எடுத்த அதே இடத்தில், அதே வாக்கில் திரும்ப வைக்க வேண்டும். கழற்றும் முன் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சென்டர் பஞ்ச்சால் அடையாளம் அடிக்கக் கூடாது.

பார்த்த பிறகு வழி தானாகத் தெரியும். தடம் சுத்தமாக இருந்தால் பூட் கிட் மட்டும் போதும், சில நூறு ரூபாயில் பாகச் செலவு முடியும். அவுட்டர் மட்டும் தேய்ந்திருந்தால் அவுட்டர் ஜாயின்டைத் தனியாக வாங்கி, பழைய ஷாஃப்டிலேயே ஏற்றலாம். மாருதி வண்டிகளுக்கும் பழைய ஹூண்டாய்களுக்கும் இந்த அவுட்டர் கிட் தனியாகவே கிடைக்கிறது. ஜாயின்ட், பூட், கிளாம்ப், கிரீஸ், கழன்று வராமல் பிடிக்கும் கம்பி வளையமான சர்க்ளிப், நட் எல்லாம் ஒரே பெட்டியில் வரும். இரண்டு முனையும் போயிருந்தாலோ, ஷாஃப்ட் வளைந்திருந்தாலோ, அதன் முனையில் நீளவாக்கில் வெட்டிய ஸ்ப்ளைன் பற்கள் முறுக்கியிருந்தாலோ மட்டும் முழு செட்டுக்குப் போங்கள். ஒரு பக்கம் போனதற்காக மறுபக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதில் அர்த்தமே இல்லை. இது பிரேக் பேட் அல்ல.

மலிவான செட் ஏன் ஏமாற்றுகிறது

பளபளவென்று பெயின்ட் அடித்த புது ஷாஃப்ட், கம்பெனி விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும்போது கை தானாக நீளும். மாட்டியதும் திருப்பத்துச் சத்தம் நின்றிருக்கும். ஆனால் 80 வேகத்தில் முன்பு இல்லாத அதிர்வு புதிதாக வந்திருக்கும். காரணங்கள் பல.

முதல் காரணம் டிரைபாட் உருளைக்கும் தடத்துக்கும் இருக்க வேண்டிய இடைவெளி. ஒரிஜினலில் மிக நுணுக்கமாக வைத்திருப்பார்கள். மலிவு ரகத்தில் அது கூடுதலாக இருந்தால் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் ஆட்டம் வரும். இரண்டாவது, எஃகைப் பதப்படுத்தும் முறை. குண்டு ஓடும் தடத்தின் மேற்பரப்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான் கடினமாக இருக்கும், உள்ளே இரும்பு இளகலாக இருக்கும். இந்தக் கடினப் படலம் மெல்லியதாக இருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தடம் பெயர்ந்துவிடும். மூன்றாவது ரப்பர். நம் வெயிலில், என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில், மட்டமான ரப்பர் ஒரே வருஷத்தில் வெடிக்கும்.

நான்காவதை யாரும் கவனிப்பதில்லை. சில வண்டிகளின் நீளமான பக்கத்து ஷாஃப்டின் நடுவில் ரப்பரில் கட்டிய கனமான வளையம் ஒன்று இருக்கும். அது டேம்பர். குறிப்பிட்ட வேகத்தில் ஷாஃப்ட் அதிர்ந்து கேபினுக்குள் இரைச்சல் வராமல் தடுக்கத்தான் அது. மலிவு செட்டில் பல சமயம் இருக்காது. பழையதில் இருந்தால் புதியதிலும் இருந்தாக வேண்டும், அதுவும் ஜாயின்டிலிருந்து அதே தூரத்தில். கழற்றும் முன் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள்.

ரீகண்டிஷன் செய்த ஷாஃப்ட் என்று விற்பதிலும் இரண்டு ரகம் உண்டு. பழைய ஒரிஜினலைப் பிரித்து, தடத்தைச் சரியான எந்திரத்தில் அளவாகத் தேய்த்து, கொஞ்சம் பெரிய குண்டுகள் போட்டுத் தருவது ஒன்று. ஒழுங்காகச் செய்தால் நன்றாகவே உழைக்கும். அளவு மீறித் தேய்த்தால் கடினப் படலம் போய், சீக்கிரமே பழைய சத்தம் திரும்பும். இரண்டாவது ரகம் வெறுமனே கழுவி, பூட் மாற்றி, பெயின்ட் அடித்துத் தருவது. வாங்கும்போது அவுட்டரைப் பல கோணங்களில் மடக்கிச் சுற்றிப் பாருங்கள். எல்லாக் கோணத்திலும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் தளர்ந்து மறு இடத்தில் சிக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாகம் கிடைக்காத வண்டிகளுக்கு, வேறு வண்டியின் ஷாஃப்டை வெட்டி லேத்தில் கொடுத்து வெல்டிங் வைத்து நீளம் சரி செய்து தரும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். டிரைவ் ஷாஃப்ட் பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் கெட்டு, பற்றவைத்த இடத்தின் ஓரம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். முறுக்கு விசை முழுவதும் அந்த ஓரத்தில்தான் விழும். வேகத்தில் முறிந்தால் சுழலும் துண்டு பிரேக் ஹோஸை அறுக்கும், கியர் பாக்ஸ் கூட்டை உடைக்கும்.

ஷாஃப்ட் முறிந்தால் நடக்கும் இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. ஒரு பக்கம் முறிந்தாலே வண்டி நகராது. கியர் பாக்ஸுக்குள் இரண்டு ஷாஃப்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், எல்லா விசையையும் முறிந்த பக்கம் விட்டுவிடும். அதே காரணத்தால், கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது. சரிவில் அப்படி ஆனால் ஹேண்ட் பிரேக்கோடு சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள்.

எங்கே, எதைச் சொல்லி வாங்குவது

கடைக்குப் போய் "ஆல்ட்டோ ஆக்ஸில் குடுங்க" என்று கேட்டால் கொடுப்பார்கள், உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்பது வேறு விஷயம். ஒரே பெயரில் வந்த வண்டிக்குள்ளேயே என்ஜின் மாறியிருக்கும், பெட்ரோல் டீசல் இருக்கும், மேனுவல் ஆட்டோமேட்டிக் இருக்கும், ஏபிஎஸ் உள்ளதும் இல்லாததும் இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸி நம்பரைக் கம்பெனி டீலரின் ஸ்பேர்ஸ் கவுன்டரில் கொடுத்து, இடது வலது இரண்டுக்கும் பார்ட் நம்பரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குவது வேறு இடமாக இருந்தாலும், கையில் இருக்க வேண்டியது அந்த நம்பர்தான். இடது பக்கம் என்பது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது இடது கைப்பக்கம். கடைக்காரரும் நீங்களும் இதைச் சத்தமாக ஒருமுறை சொல்லி உறுதி செய்துகொள்வது நல்லது.

என் வரிசை இது. கம்பெனிப் பெட்டியில் கிடைத்தால், வண்டியை இன்னும் நாலைந்து வருஷம் ஓட்டுவதாக இருந்தால், அதுவே முதல் தேர்வு. அடுத்தது கார் கம்பெனிகளுக்கே ஜாயின்ட் செய்து கொடுக்கும் தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது. ஜிகேஎன், என்டிஎன் இந்த வகை. மூன்றாவது, கழித்த வண்டியிலிருந்து எடுத்த நல்ல ஒரிஜினல். முகம் தெரியாத புதுப் பெட்டி கடைசி.

மூன்றாவதை முகம் தெரியாத புதியதற்கு மேலே வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சென்னையில் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தையில், பூட் கிழியாத ஒரிஜினல் ஷாஃப்ட் கிடைத்தால், உள்ளே தடம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கம்பெனி பூட்டும் கம்பெனிக் கிளாம்பும் அப்படியே இருக்கிற ஷாஃப்டைத் தேடுங்கள். புதுப் பூட் போட்டு வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள், ஏற்கெனவே கிழிந்து ஓடியிருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுக்குக் கொண்டு வந்ததும் இரண்டு பூட்டையும் மாற்றி, கிரீஸைப் புதுசாகப் போட்டுவிட்டு மாட்டுங்கள். ஃபோர்டு ஐக்கான் போல கம்பெனியே இந்தியாவில் உற்பத்தியை நிறுத்திவிட்ட வண்டிகளுக்கு இதுதான் நடைமுறை வழி. நல்லது கண்ணில் படும்போது ஒன்று வாங்கி, எண்ணெய் தடவிச் சுற்றி வைப்பது புத்திசாலித்தனம்.

சென்னை ஜி.பி. ரோடு போன்ற உதிரிபாகக் கடைத்தெருவில் புதுசு வாங்கினால் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பொருந்தாவிட்டால் கிரீஸ் படாமல் திருப்பிக் கொடுக்கலாம் என்பதைக் கடையில் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெட்டியைப் போலவே அச்சடித்த போலிப் பெட்டிகள் சந்தையில் உண்டு. லேபிளில் இருக்கும் பார்ட் நம்பர், விலை, தயாரித்த மாதம் எல்லாம் தெளிவாக இருக்கிறதா, பெட்டிக்குள் இருக்கும் பாகத்திலும் பொறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டும் முன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

பழையதையும் புதியதையும் தரையில் இணையாகக் கிடத்துங்கள். இரண்டு முனையின் ஸ்ப்ளைன் பற்களையும் எண்ணுங்கள். ஒரு பல்லுக்குப் பெயின்ட் வைத்து எண்ணினால் தப்பாது. சக்கர முனையின் மரை விட்டமும் மரை இடைவெளியும் சரியா என்று, கையோடு வந்த புது நட்டைச் சுற்றிப் பாருங்கள். ஆயில் சீல் உட்காரும் கழுத்தின் விட்டத்தை வெர்னியரால் அளவெடுங்கள். இங்கே அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் கியர் ஆயில் கசியும். ஏபிஎஸ் வண்டியாக இருந்து, அவுட்டரின் மேல் பல் வளையம் இருந்தால் அதன் பற்களும் எண்ணிக்கையில் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

நீளத்தை இரண்டு விதமாகப் பாருங்கள். இன்னரை முழுக்க உள்ளே தள்ளி ஓர் அளவு, பூட் இழுபடாத அளவுக்கு வெளியே இழுத்து ஓர் அளவு. நீளம் கூடியிருந்தால் பள்ளத்தில் விழும்போது இன்னர் அடியில் முட்டி டிஃபரன்ஷியல் பேரிங்கை இடிக்கும். குறைந்திருந்தால் உருளைகள் கிண்ணத்தின் விளிம்புக்கு வந்து வெளியே வழுக்கக்கூடும்.

கழற்றும்போதும் மாட்டும்போதும்

வேலையின் வரிசை மெக்கானிக்குகளுக்குத் தெரிந்ததுதான். பாழாவது சில இடங்களில்தான், அவற்றை மட்டும் சொல்கிறேன்.

கியர் ஆயிலை முதலில் வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்டை உருவியதும் தரையில் கொட்டும். ஹப் நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருவர் பிரேக்கை மிதிக்கத் தளர்த்திவிட வேண்டும். தட்டி மடக்கிய நட்டாக இருந்தால் மடிப்பை முழுக்க நிமிர்த்திய பிறகே ஸ்பேனர் போட வேண்டும், இல்லையென்றால் ஷாஃப்டின் மரையும் சேர்ந்து போகும். ஹப்பிலிருந்து ஷாஃப்ட் வராவிட்டால் முனையில் சம்மட்டியால் அடிக்காதீர்கள். துருவை இளக்கும் எண்ணெய் ஊற்றிவிட்டு, புல்லர் என்னும் திருகுக் கருவியால் தள்ளுங்கள்.

கியர் பாக்ஸ் பக்கம், இன்னர் கிண்ணத்துக்கும் கூட்டுக்கும் இடையில் தட்டையான கம்பியை வைத்து ஒரு நெம்பு நெம்பினால் சர்க்ளிப் விடுபட்டு வெளியே வரும். ஷாஃப்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் டிரைபாட் உள்ளுக்குள்ளேயே பிரிந்துவிடும். ஷாஃப்ட் வெளியே இருக்கும்போது ஆயில் சீலை மாற்றிவிடுங்கள். சீலின் விலை சொற்பம், பிறகு கசிந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். புது ஷாஃப்டை நுழைக்கும்போது ஸ்ப்ளைன் பற்கள் சீலின் உதட்டைக் கீறாமல் நேராகப் பிடித்து, உதட்டில் கொஞ்சம் கியர் ஆயில் தடவி நுழையுங்கள். புது சர்க்ளிப் போட்டு, "டிக்" என்று உட்காரும்வரை தள்ளி, கிண்ணத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். வரக் கூடாது.

பூட் மாற்றுவதாக இருந்தால் முழு பூட்தான். ஜாயின்டைக் கழற்றாமலே ஒட்டிக்கொள்ளும் பிளவு பூட்டின் ஒட்டுவாய் சீக்கிரம் திறந்துகொள்ளும். கிரீஸ், கிட்டோடு வந்த பாக்கெட் முழுவதும் போக வேண்டும், பாதியைத் தடத்துக்குள் அழுத்தி, மீதியைப் பூட்டுக்குள். சின்னக் கார் அவுட்டருக்கு இது சுமார் 60 முதல் 100 கிராம். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைப் போடாதீர்கள். குண்டு தடத்தில் உருள்வதோடு வழுக்கவும் செய்கிறது, அந்த அழுத்தத்துக்குத்தான் மாலிப்டினம் சேர்க்கிறார்கள். இன்னருக்கு வேறு நிறத்தில் தனிப் பாக்கெட் வந்திருந்தால் அது இன்னருக்கு மட்டும், கலக்க வேண்டாம். கழுவிய மண்ணெண்ணெய் துளிகூட உள்ளே தங்காமல் உலர்த்திவிட்டுப் போடுங்கள்.

சின்ன வாய் ஷாஃப்டின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்த பிறகு, மெல்லிய ஸ்குரூ டிரைவரை வாயின் ஓரத்தில் நுழைத்து உள்ளே அடைபட்ட காற்றை விடுங்கள். காற்று அடைபட்டால் பூட் உப்பும், உள்வாங்கினால் மடிப்பு ஒன்றோடொன்று உரசிக் கிழியும். காதை நெரித்து இறுக்கும் எஃகுக் கிளாம்ப்தான் போட வேண்டும். வயர் கட்டும் பிளாஸ்டிக் டை சூட்டில் தளர்ந்துவிடும்.

ஹப் நட் எப்போதும் புதுசு. இறுக்கும் அளவு வண்டிக்கு வண்டி மாறும், சின்னக் கார்களில் பொதுவாக 170 முதல் 250 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவை டார்க் ரெஞ்சில் வைத்து இறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் "டர்ர்" என்று அடித்துவிட்டு முடிந்தது என்பது கூடாது. நட் தளர்ந்தாலும் மிகையாக இறுகினாலும் அடி வாங்குவது வீல் பேரிங். ஷாஃப்ட் இல்லாமலோ நட் இறுக்காமலோ வண்டியைத் தரையில் இறக்கி உருட்டுவதும் பல வண்டிகளில் பேரிங்கைக் கெடுக்கும்.

புது ஷாஃப்டும் சீக்கிரம் போகிறது என்றால்

குற்றம் ஷாஃப்டில் இல்லாமல் இருக்கலாம். ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டாமல் இருக்க, முன் ஸ்பிரிங்கின் வளையங்களுக்கு நடுவில் ரப்பர் பஃபர் செருகுவதும் ஸ்பேசர் வைத்து வண்டியைத் தூக்குவதும் இங்கே சகஜம். முன்பக்கம் உயர்ந்தால் ஷாஃப்ட் எப்போதும் கூடுதல் சாய்வில் ஓடும். இன்னர் அதற்குச் செய்யப்பட்டதல்ல, அழுத்திப் பிடிக்கும்போது ஆட ஆரம்பிக்கும். எத்தனை ஷாஃப்ட் மாற்றினாலும் அந்த ஆட்டம் நிற்காது, பஃபரை எடுத்தால் நிற்கும். மவுன்ட் உட்கார்ந்துபோய் என்ஜின் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் இதே கதைதான். லோயர் ஆர்ம் புஷ் கிழிந்து சக்கரம் முன்னும் பின்னும் போய்வந்தாலும் அப்படியே. ஹப்பின் உள் ஸ்ப்ளைன் தேய்ந்திருந்தால் புது ஷாஃப்டும் முதல் நாளிலிருந்தே "டொக்" என்னும். அதற்கு ஹப்பையும் மாற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் கியர் ஆயிலை லெவல் ஓட்டையின் விளிம்பு வரை நிரப்பி, மேனுவலில் சொன்ன தரத்தையே ஊற்றுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை சக்கரத்தை ஒடித்து வைத்து, கிளாம்ப் ஓரங்களில் கிரீஸ் கசிகிறதா, சீலுக்குக் கீழே ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஆயில் மாற்ற வண்டி மேலே ஏறும்போதும் நான்கு பூட்டையும் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.